நிலத்தை வரைந்தவர்: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்வும் பணியும்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டது ஏன் என்னும் வினா சிலர்க்கு எழக்கூடும். 'நிலக்காட்சி ஓவியம்' என்று இன்று நாம் வழங்கும் தொடரில் நிலம், காட்சி என்னும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. காட்சி என்பது ஓவியர்களின் சொல். நிலம் என்பதோ தொல்காப்பியம் தொட்டு நம் இலக்கணம் ஆராய்ந்து வரும் பொருள். இவ்விரண்டும் எவ்விடத்தில் ஒத்துப் போகின்றன, எவ்விடத்தில் முரண்படுகின்றன என்பதைக் கோயம்புத்தூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கையைக் கொண்டு காண விரும்புகிறோம். புக்கிட் செந்தோசாவில் கூடியிருக்கும் நம்மில் பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அல்லது தோட்டத்திலிருந்து வந்தவர்களின் மக்கள். ஆகவே இப்பொருள் நமக்கு அயலானது அன்று.

பணிக்கரின் வாழ்வைச் சொல்லத் தொடங்குமுன் சிறிது நேரம் ஸ்காட்லாந்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. அவர் கற்ற பள்ளியை நிறுவியவர் அந்நாட்டவர். அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் அம்மருத்துவர் எடின்பரோவிலிருந்து சென்னைக்கு வந்தவர். அரசுப் பணியில் இருந்த அறுவை மருத்துவர். அவர் 1850ஆம் ஆண்டில் சென்னை பிராட்வே பகுதியில் தம் சொந்த முயற்சியால் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1852ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. வரைதல், அச்சுச் செதுக்கு, மட்பாண்டத் தொழில் முதலியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. இந்தியாவில் மேலை முறையில் அமைந்த ஓவியப் பள்ளிகளுள் மிகப் பழமையானதாக எண்ணப்படும் அப்பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி.

ஹன்டர் சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடைய தாய்நாட்டில் நிலக்காட்சி ஓவியம் பெரும்புகழ் எய்தியிருந்தது. அவ்வகை ஓவியருள் தலைசிறந்தவர் ஹொரேஷியோ மெக்கல்லக். 1805ஆம் ஆண்டில் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவர் 1864ஆம் ஆண்டில் வரைந்த 'கிளென்கோ' என்னும் ஓவியம் இன்றும் கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் ஓவியக்கூடத்தில் உள்ளது. கருத்துயர்ந்த மலைகள், கீழிறங்கும் முகில், பள்ளத்தாக்கில் மான்கூட்டம். காண்போர் உள்ளத்தை ஈர்க்கும் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர் இல்லை.

ஏன் இல்லை? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நிலவுடைமையாளர்கள் செம்மறியாடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினார்கள். வீடிழந்தவர்கள் கடற்கரைகளுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார்கள். மக்கள் அகற்றப்பட்ட நிலம் பின்னர் நகரத்துச் செல்வர்களுக்கு 'இயற்கை எழில்' ஆயிற்று. மெக்கல்லக் பொய் வரைந்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. கண்ட மலையைத்தான் வரைந்தார். ஆயினும் ஒரு நிலம் ஏன் வெறுமையாயிற்று என்பதைச் சொல்லாமலேயே அந்த வெறுமையை அழகாக்கிக் காட்ட ஓவியத்தால் முடிகிறது.

நம் இலக்கண மரபில் இதற்கு இடமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியன கருப்பொருள். அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதற்பொருள் மட்டும் தனித்து நின்று திணையாவதில்லை. குறிஞ்சி என்றால் மலையோடு தினைப்புனம் காக்கும் பெண்ணும் உடன் வருவாள். தொழில் செய்யும் மனிதர் இல்லாத நிலத்தை நம் புலவர்கள் நிலமாகவே கருதவில்லை எனலாம்.

இங்கு ஓர் இடைக்கேள்வி. நம் தோட்டம் எத்திணை? பால்மரமும் செம்பனையும் ஐந்திணைக் கருப்பொருளில் இல்லை. மாடு வளர்த்தோம், ஆயினும் முல்லையன்று. மண்ணில் உழைத்தோம், ஆயினும் நெல் விளையும் மருதமன்று. பிரிவு மட்டும் நிறைய இருந்தது. இவ்வினாவைப் படிவம் ஐந்து இலக்கிய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடை எதுவாயினும் அவர்கள் திணையிலக்கணத்தை மனப்பாடமாக அன்றிச் சிந்தனையாகக் கற்கத் தொடங்கிவிடுவார்கள்.

நம் வட்டாரத்து நிலமும் பிறர் கண்ணால் வரையப்பட்டதே. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர்ப் பகுதியில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது என்பதை இங்குள்ள மாணவர் எத்தனை பேர் அறிவர்? அதனை நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் தோட்டக்காரர் மட்டுமல்லர், எழுத்தாளரும் ஆவார். மலேயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது. நம் ஊர் நிலம் பாரிசில் பரிசு பெற்ற காலத்தில், அந்நிலத்தில் காண்டாவாளி சுமந்தவர்களின் கண்ணுக்கு அது எப்படித் தோன்றியது என்பதைக் காட்டும் படம் நம்மிடம் எத்தனை உள்ளன? இக்கேள்வியை மனத்திற்கொண்டு பணிக்கரிடம் வருவோம்.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலையாளக் குடும்பம். இளமைக் கல்வி கோயம்புத்தூரிலும் மலபாரின் பொன்னானிப் பகுதியிலுமாக அமைந்தது. ஆக, வறண்ட கொங்குநாட்டு வெளியும் நீர் ததும்பும் மலபார்க் கரையும் ஒரே சிறுவனின் கண்ணில் பதிந்தன. பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சிகளை வரையத் தொடங்கினார். பதினேழு வயதில் அவருடைய படங்கள் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன. முறையான ஆசிரியர் எவரும் அமையாத நிலையில் இது நிகழ்ந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் வந்தது இடையூறு. தந்தையார் மறைந்தார். கல்லூரிப் படிப்பு நின்றது. குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் தோட்டப் பிள்ளைகள் பலருடைய கதையும் இவ்விடத்தோடு முடிந்துவிடும். பணிக்கருடைய கதை முடியவில்லை. 1936ஆம் ஆண்டில், இருபத்தைந்தாம் வயதில், ஹன்டர் தொடங்கிய அதே பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்நாளில் அதன் தலைவராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் படத்திலேனும் காணாதவர் இங்கு இருக்கமாட்டார்கள். அதனை வடித்தவர் அவரே. படிப்பு முடிந்தபின் பணிக்கர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார்.

அவருடைய தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் தென்னந்தோப்பும் உப்பங்கழியும் தோணியும் செம்மண் பாதையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. முறை, ஆங்கிலேய நீர்வண்ண மரபினின்றும் பெற்றது. தாளின் வெண்மை தெரியுமாறு மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடும் முறை அது. ஆனால் அம்மரபு பனிமூட்டமும் மங்கிய வெயிலும் உள்ள நாட்டில் பிறந்தது. மலபாரின் உச்சிவெயிலையும் மழை கழுவிய பச்சையையும் அம்முறைக்குள் அடக்குதல் எளிதன்று. பணிக்கரின் படங்களில் வண்ணம் மரபின் கரையை உடைத்துக்கொண்டு வருவதைக் காண்கிறோம். பிற்காலத்தில் வான்கோ, கோகன் ஆகியோரின் படைப்புகளில் அவர் நாட்டங்கொண்டதற்கும் இதுவே காரணமாகலாம். வெயிலை வெயிலாகவே வரையத் துணிந்தவர்கள் அவர்கள்.

இவ்விடத்தில் நம் வகுப்பறையைப் பற்றி ஒன்று கூறாமல் இருக்க இயலவில்லை. 'ஓர் இயற்கைக் காட்சியை வரைக' என்று சொன்னால் நம் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள்? இரண்டு முக்கோண மலைகள். நடுவில் கதிர் விரிக்கும் ஞாயிறு. அங்கிருந்து வளைந்து வரும் ஆறு. ஓரத்தில் ஒரு குடிசை. அருகில் ஒரு தென்னை. மேலே நான்கு காக்கைகள். தஞ்சோங் காராங்கின் கண்ணுக்கெட்டிய வரை விரியும் சமதளத்து வயல்களுக்கு அருகில் வாழும் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில் வாழும் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. பார்ப்பதை வரையலாம் என்று எவரும் அவர்களுக்கு இசைவு தரவில்லை. செம்பனை நிரைகளுக்கிடையே கீழிறங்கும் இருண்ட பச்சை ஒளி, லயத்து முன்வாசலில் அடுக்கிய விறகு, சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் இரவில் ஒளிரும் மின்மினிகள் ஆகியவையும் இயற்கைக் காட்சிகளே. பணிக்கர் பன்னிரண்டு வயதில் செய்தது, வீட்டு வாசலுக்கு வெளியே உள்ளதை உற்று நோக்கியதுதான்.

1944ஆம் ஆண்டில் பணிக்கர் தம் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் கழகத்தைச் சென்னையில் நிறுவினார். நாற்பதுகளில் அவருடைய படங்களில் நிலம் பின்னே செல்ல, மனிதர் முன்னே வந்தனர். தாயும் சேயும், கூடை சுமக்கும் பெண்கள், சந்தை மக்கள். 1951ஆம் ஆண்டில் காந்தியடிகளைப் பொருளாகக் கொண்டு பெரிய ஓவியம் ஒன்றையும் வரைந்தார். 1954ஆம் ஆண்டில் இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பிய ஓவியத்தின் மூலப் படைப்புகளை அவர் நேரில் கண்டதும் அப்பயணத்தில்தான். நூல்களில் அச்சுப் படமாகக் கண்டவற்றை நேரில் கண்டு திரும்பும் ஓவியர் இரண்டிலொன்றைச் செய்வார்: கண்டதைப் பின்பற்றுவார், அல்லது தமக்கென ஒரு வழி வேண்டுமென்று கலங்குவார். பணிக்கர் கலங்கினார்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவர் வரைந்த வரிசைக்குத் 'தோட்டம்' என்றே பெயர். நாம் வழங்கும் பொருளிலன்று. பூங்கா என்னும் பொருளில். அப்படங்களில் தொலைவு என்பது இல்லை. அடிவானம் இல்லை. மரமும் பெண்ணும் பறவையும் ஒரே தளத்தில், கோடுகளால் பிணைக்கப்பட்டு நிற்கின்றன. மேலை நிலக்காட்சி ஓவியத்தின் அடிப்படையே தொலைவுதான். ஓரிடத்தில் நின்று நிலத்தை நோக்குபவர் ஒருவர் இருக்கிறார். நிலம் அவர்முன் விரிகிறது. அத்தொலைவை எடுத்துவிட்டால் நோக்குபவர் நிலத்துக்கு வெளியே நிற்க முடியாது. மேற்பார்வையாளரின் பங்களா எப்போதும் மேட்டின்மேல் இருந்ததையும், லயம் எப்போதும் பள்ளத்தில் இருந்ததையும் அறிந்த நமக்கு இவ்வேறுபாடு விளங்கும். மேட்டிலிருந்து பார்ப்பவர்க்கு நிலம் காட்சி. நிரைக்குள் நின்று பால் வெட்டுபவர்க்கு அடுத்த மரமே அடிவானம்.

1957ஆம் ஆண்டில் ராய் சௌத்ரிக்குப்பின் பணிக்கர் அப்பள்ளியின் தலைவரானார். 1967ஆம் ஆண்டுவரை அப்பொறுப்பில் இருந்தார். இக்காலத்தில் நிகழ்ந்த ஒன்று ஆசிரியர்களுக்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது. மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டின் ஒரு பக்கம் அவர் பார்வையில் பட்டது. எண்கள், குறியீடுகள், வடிவக் கோடுகள், எழுத்துகள், அடித்தல் திருத்தல்கள். மற்றோர் ஆசிரியராயின் விடை சரியா என்று பார்த்திருப்பார். பணிக்கர் அப்பக்கத்தை ஓவியமாகக் கண்டார். 1963ஆம் ஆண்டு தொடங்கி அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை அதிலிருந்து பிறந்தது. இந்திய நவீன ஓவியத்தில் அவர்க்கு நிலைத்த இடத்தைத் தேடித் தந்தது அவ்வரிசையே.

அப்படங்களில் சாதகக் கட்டங்களைப் போன்ற சதுரங்கள் உள்ளன. பாம்பு, மீன், பறவை ஆகியவற்றின் எளிய வடிவங்கள் உள்ளன. இடைவெளியெங்கும் மலையாள எழுத்தை ஒத்த நுண்ணெழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. அருகிற்சென்று படிக்க முயன்றால் படிக்க இயலாது. அவை சொல்லாக அமைவதற்காக எழுதப்பட்டவை அல்ல. பழைய ஓலைச்சுவடியையோ, சுவரில் ஒட்டிய பஞ்சாங்கத்தையோ, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நோக்கினால் எப்படித் தோன்றுமோ அப்படித் தோன்றுகின்றன.

இவ்விடத்தில் நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வரிசையைக் காணும்போது வியப்போடு ஒரு மனக்குறையும் எழுகிறது. எழுத்து அழகிய கோடாக மட்டும் எஞ்சும் நாளைக் குறித்து அஞ்சுகின்ற சமூகம் நம்முடையது. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் ஓவியம்போல் பார்த்துவிட்டு வைக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. படிக்க முடியாத தாய்மொழி எழுத்தைக் கொண்டு எழில் படைப்பதை, நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளிகளைக் காத்து வரும் மக்கள் எப்படி எடுத்துக்கொள்வது? பணிக்கரின் சூழல் வேறு என்பதை அறிவோம். அவரைச் சுற்றி மலையாளமும் தமிழும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. அவை மறையும் என்னும் அச்சம் அவர்க்கு இருந்திருக்க வேண்டியதில்லை. மேலும் அவர் தேடியது, மேலையோர் கற்பித்த தொலைவுக் காட்சியின்றி ஒரு நிலத்தை நிலமென்று காட்டும் வழி. ஒரு மண்ணை அடையாளங் காட்டுவது அதன் மலையோ மரமோ மட்டுமன்று, அங்கு வாழ்வோர் இட்ட கோடும் கட்டமும் எழுத்துமே என்று அவர் கண்டார் என நாம் கொள்கிறோம். அவ்வாறு கொண்டால், அவர் நிலக்காட்சியைக் கைவிட்டார் என்னும் பொதுக்கருத்து பொருந்தாது. முதற்பொருளில் தொடங்கியவர் கருப்பொருளுக்குச் சென்று சேர்ந்தார். ஆயினும் மனக்குறை முற்றும் தீர்ந்தபாடில்லை. மாணவர்கள் அப்படங்களைக் கண்டு தாமே முடிவு செய்யட்டும்.

பணிக்கரின் பணியில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது மற்றொன்று. பள்ளித் தலைவராக இருந்தபோது, திறமிக்க மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஓவியத்தை விட்டு வேறு வேலைக்குச் செல்வதை அவர் ஆண்டுதோறும் கண்டார். படம் வாங்குவோர் அந்நாளில் சென்னையில் மிகச் சிலரே. தம் இளமையில் தந்தி அலுவலகத்தில் நின்றவர்க்கு இது புதிய செய்தியன்று. பகலில் கைவினை, எஞ்சிய நேரத்தில் ஓவியம் என்னும் திட்டத்தை அவரும் மாணவர்களும் வகுத்தார்கள். கைவினைகளுள் முதன்மையானது பாத்தேக். ஆம், நம் நாட்டுக் கடைகளில் தொங்கும் அதே மெழுகுச் சாயத் துணிதான். பினாங்கில் சுவா தியான் தெங் ஐம்பதுகளிலேயே பாத்தேக் முறையில் ஓவியம் வரைந்து புகழ்பெற்றுவிட்டார் என்பதை இத்துடன் சேர்த்து நினைக்கலாம். சென்னை ஓவியர்களுக்கோ பாத்தேக் வயிற்றுப்பாட்டுக்கு வழி. துணி விற்ற பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலையொட்டிய மணல்வெளியை வாங்கினார்கள். 1966ஆம் ஆண்டில் அங்கு எழுந்ததே சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

தொடக்கத்தில் அங்கு வசதிகள் ஏதுமில்லை. கீற்றுக் கொட்டகைகளில் வேலை தொடங்கியது. அரசுக் கொடையை நம்பாமல், செல்வர் எவரையும் சாராமல், கைத்தொழிலால் நிலம் வாங்கிக் குடியேறிய ஓவியர்கள் அவர்கள். விசுவநாதன், ஹரிதாசன், வாசுதேவ், சேனாதிபதி, சிற்பி ஜானகிராம், பணிக்கரின் மைந்தர் நந்தகோபால் எனப் பின்னாளில் பெயர்பெற்ற பலர் அங்கு உருவானார்கள். கே. இராமானுஜம் என்னும் இளைஞரையும் இங்குச் சொல்ல வேண்டும். பேசுவதற்கே தயங்கிய அவர்க்கு அக்கிராமம் புகலிடமாயிற்று. கனவு நகரங்களையும் விந்தை விலங்குகளையும் மையால் வரைந்து குவித்து, 1973ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார்.

வாழ்நாளெல்லாம் நிலத்தை வரைந்த ஒருவர் இறுதியில் நிலம் வாங்கினார் என்பது நம் மக்களுக்கு எளிதில் பொருள்படும் செய்தி. நாம் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்த மண்ணில் நமக்கென ஓரடி இருந்ததில்லை. பெயர்ப்பலகையில் எழுதிய தோட்டத்தின் பெயர்கூட வேற்றூர்ப் பெயராக இருந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது லயமும் கோயிலும் பள்ளியும் இடம்பெயர்ந்தன. இன்று அவ்விடங்களுக்குச் சென்றால் வீட்டுமனைகளும் நெடுஞ்சாலையும்தான் உள்ளன. சில குடும்பங்களிடம் மங்கிய திருமண நிழற்படம் ஒன்று இருக்கும். அதன் பின்னணியில், எவரும் எண்ணி எடுக்காமலேயே, லயத்தின் தூணும் ஒரு பால்மரமும் விழுந்திருக்கும். அந்நிலத்தின் ஆவணம் அவ்வளவே.

எனவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். கலைக்கல்வி வேளையில் ஒரு முறையேனும் பிள்ளைகளைத் தம் பாட்டியிடம் அனுப்புங்கள். லயத்தில் எத்தனை கதவு, குழாயடி எப்பக்கம், பிரட்டுக் களம் எங்கே, கோயிலுக்கு எவ்வழி, எந்த மரத்தடியில் தோம்பை இறக்கி வைத்தார் என்று கேட்டு வந்து வரையட்டும். மலையும் ஞாயிறும் அப்படத்தில் வேண்டாம். படத்தில் எழுத்தும் இருக்கலாம். ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் எழுதட்டும், படிக்கக்கூடிய எழுத்தில். காண்டா, மங்கு, நிரை என்னும் சொற்கள் அகராதிக்குள் நுழையுமுன் படத்துக்குள் நுழைந்துவிடும்.

பணிக்கர் 1976ஆம் ஆண்டில் இந்திய அரசின் லலித் கலா அகாதெமியின் உயர்மதிப்புறு உறுப்பினராகச் சிறப்பிக்கப்பெற்றார். அடுத்த ஆண்டு சனவரியில் சென்னையில் மறைந்தார். அவருடைய படங்கள் பல திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் அமைந்த ஓவியக்கூடத்தில் உள்ளன. சோழமண்டலத்தில் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற காட்சியகத்தில் அவருடைய படைப்புகளையும் அவர்தம் தோழர்களின் படைப்புகளையும் காணலாம். நம் நாட்டிலிருந்து தமிழகம் செல்லும் ஆசிரியர் குழுக்கள் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே செல்கின்றன. ஈஞ்சம்பாக்கம் அச்சாலையில்தான் உள்ளது. பேருந்து அவ்வூரைக் கடந்தே செல்கிறது. ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், ஒரு மணி நேரம் அங்கு இறங்கிப் பார்த்துவிட்டு மாமல்லபுரத்துக்குப் போய்ச் சேரலாம்.